ஷார்ட் வேவ்ஸ் கலைந்த ஞாயிற்றுக்கிழமை

போன மாதம் என் மகள் என்னைக் காது டாக்டரிடம் அழைத்துப் போனாள். நான் வைக்கிற டிவி சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கிறதாம். அங்கே ஒரு சிறிய கண்ணாடி அறை. ஒரு சின்னப் பெண் என்னை உள்ளே உட்காரவைத்துத் தலையில் பெரிய ஹெட்போனை மாட்டினாள். சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்க வேண்டும் என்றாள். காதை வைத்துப் பிழைத்தவன் நான், இதில் தோற்கலாமா? இரண்டு தடவை தூக்கினேன். மூன்றாவது தடவை தூக்கியபோது அவள் கதவைத் திறந்து, "அங்கிள், நான் இன்னும் மிஷினை ஆன் பண்ணவே இல்ல" என்றாள்.

அவமானத்தை மறைக்க ஹெட்போனைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்தேன். அதன் உறையிலிருந்து ஒரு வாசனை வந்தது. வெயிலில் கிடந்த ரப்பரும் வியர்வையும் சேர்ந்த வாசனை. யாருடையது என்று உடனே தெரிந்துவிட்டது. எங்கள் டிரம்மர் சூசையின் முகமூடி. சங்கு குளிக்கிறவர்கள் கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடிக்கொள்ளும் கறுப்பு ரப்பர் முகமூடி. அதை எங்கள் ஒத்திகைக் கொட்டகையில், டிரம்முக்குப் பின்னால் ஓர் ஆணியில் மாட்டி வைத்திருப்பான். கேட்காததைக் கேட்டதாகக் காட்டிக்கொள்வதில் அவன் என்னைவிடக் கைதேர்ந்தவன்.

இந்தக் கதையைப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன், எனக்குச் சாதகமான பாதியை மட்டும். உங்களிடம் மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். ஆழ்வார்திருநகரியிலிருந்து பி.ஏ. முடித்துவிட்டுத் தூத்துக்குடிக்கு வந்து, ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்தேன். பெரிய கப்பல்கள் கரைக்கு வராத காலம் அது. ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். நாங்கள் லாஞ்சில் ஏறி, வாந்தி எடுத்து, காகிதங்களில் கையெழுத்து வாங்கி, திரும்பவும் வாந்தி எடுத்து வருவோம். அப்படிப் போன ஒரு நாள், பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் தன் பழைய எலக்ட்ரிக் கிட்டாரை என்னிடம் கொடுத்தார். பதிலுக்கு நான் கொடுத்தது ஒரு டின் மக்ரூன். இப்போதுபோல அப்போதும் எங்கள் ஊர் மக்ரூனுக்கு எதையும் வாங்கித்தரும் சக்தி உண்டு. கிட்டாரில் தந்தியை முறுக்குகிற முடுக்கி ஒன்று இல்லை. சைக்கிள் கடையில் ஒரு நட்டு போட்டு முறுக்கிக்கொண்டேன்.

கடலுக்கு அந்தப் பக்கம் கொழும்பிலிருந்து வரும் இங்கிலீஷ் பாட்டு நிகழ்ச்சி எங்கள் ஊரில் உள்ளூர் ரேடியோபோலத் துல்லியமாகக் கேட்கும். ராக் என்றால் என்னவென்று அதில்தான் கற்றுக்கொண்டேன். வார்த்தைகள் பாதி புரியாது. புரியாத இடங்களில் நானே ஏதாவது போட்டுப் பாடுவேன். நாசரேத்துக்காரன் எட்வின், பள்ளிக்கூட வாத்தியார், கோயிலில் ஆர்கன் வாசித்துப் பழகியவன், என் இங்கிலீஷைக் கேட்டு மனம் நொந்துதான் குழுவில் சேர்ந்தான் என்று நினைக்கிறேன். ரேடியோ ரிப்பேர் கடை பாண்டி ஆம்ப்ளிஃபயர் செய்து கொடுத்தான். பேஸ் கிட்டாரையும் அவனே மரக்கடையில் அறுத்துச் செய்தான். குழுவுக்கு 'தி ஷார்ட் வேவ்ஸ்' என்று பெயர் வைத்ததும் அவன்தான். முதல் கல்யாணத்துக்கு அடித்த நோட்டீசில் அச்சகத்து அண்ணாச்சி அதை 'சால்ட் வேவ்ஸ்' என்று போட்டுவிட்டார். உப்பள ஊர்தானே, பொருத்தமாக இருக்கும் என்று அவரே முடிவு செய்திருக்கிறார்.

சூசை எப்படி வந்தான் என்றால், ஒரு நாள் கொட்டகை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். பழைய பாலத்துக்குப் பக்கத்தில், வள்ளங்களுக்குச் சாமான் போட்டு வைக்கிற தகரக் கொட்டகை அது. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவன். நெஞ்சு மட்டும் அளவுக்கு மீறி அகன்றிருக்கும். உள்ளே வந்து, "கொட்டுக்கு ஆளு இல்லியோ?" என்றான்.

"உமக்கு அடிக்கத் தெரியுமா?" என்று கேட்டேன்.

அவன் தரையில் கிடந்த இரண்டு குச்சிகளை எடுத்தான். பாண்டி கவிழ்த்து வைத்திருந்த மண்ணெண்ணெய் டின்னில் ஆரம்பித்து, ஒரு பலகை, ஒரு வாளி என்று கைக்கு எட்டியதையெல்லாம் அடித்தான். எட்வின் வாத்தியார் வாயைத் திறந்தபடி நின்றான். மாதா கோயில் பேண்டில் சும்மா கிடந்த பெரிய டிரம்மைப் பங்குச் சாமியாரிடம் கெஞ்சி வாங்கிவந்தோம். கப்பல் சாமான் கடையில் கிடந்த ஒரு பித்தளைத் தட்டு சிம்பல் ஆயிற்று.

அவன் அடியில் ஒரு விசேஷம் இருந்தது. நாலாவது அடி விழ வேண்டிய இடத்தில் விழாது. எல்லோரும் அதை எதிர்பார்த்து நிற்கும்போது ஒரு நொடி வெறுமனே போகும். பிறகுதான் விழும். விழும்போது வயிற்றுக்குள் ஏதோ இறங்கும். எங்கே கற்றாய் என்று கேட்டேன்.

"கடலுக்கு அடியில நிக்கையில மூச்சு முட்டும்லா. அப்பம் கவுத்தைச் சுண்டுவோம். மேல நிக்கவன் இழுக்கணும். சுண்டுனதுக்கும் இழுக்கதுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கும் பாரு... அதாம்ல அது."

அந்தத் தாளத்தின்மேல் நான் ஒரு பாட்டு கட்டினேன். 'இழு' என்று பெயர். தமிழில் ராக்கா என்று எட்வின் முகம் சுளித்தான். ஆனால் கல்யாணங்களில் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். குலசேகரன்பட்டினம் வரைக்கும் போய் வாசித்தோம். வரவேற்பு மேடையில் நாங்கள் 'இழு' என்று தொடங்கினால் பந்தியில் இருப்பவர்கள் எழுந்து வந்துவிடுவார்கள் என்று சமையல்காரர்கள் எங்கள்மேல் வருத்தப்பட்டார்கள்.

இந்த இடத்தில் நிறுத்தினால் நல்ல கதை. நான் வழக்கமாக நிறுத்துகிற இடமும் இதுதான்.

சூசைக்கு ஒரு சங்குப் பருவத்தில் வலது காதில் ரத்தம் வந்தது. அந்தத் தொழிலில் அது சகஜம். எண்ணெய்ப் பஞ்சு வைத்துக்கொண்டு மறுநாளும் இறங்குவார்கள். ஆனால் இவனுக்குச் சீழ் நிற்கவில்லை. அவன் தங்கை பிலோமினா பிடிவாதமாக டாக்டரிடம் இழுத்துப் போனாள். இன்னொரு பருவம் இறங்கினால் இரண்டு காதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வருடம் அவன் கடலுக்குப் போகவில்லை. "நமக்குத்தான் கொட்டு இருக்கே" என்றான். பகலில் உப்பளத்துக்குப் போனான், சாயங்காலம் கொட்டகைக்கு வந்தான். முகமூடி ஆணியில் தொங்கியது.

ஆனால் காது அதற்குள்ளேயே கொஞ்சம் போயிருந்தது. நான் பாட்டை மாற்றச் சொல்லிக் கத்துவேன், அவன் சிரித்துத் தலையாட்டுவான், பழையதையே அடிப்பான். என் தோளைப் பார்த்து, பாண்டியின் காலைப் பார்த்துத்தான் தாளம் பிடிக்கிறான் என்று எனக்கு முதலிலேயே தெரியும். சொல்லவில்லை. ஒரு கல்யாண வரவேற்பில் பாட்டு முடிந்துவிட்டது. நாங்கள் மூன்று பேரும் நிறுத்திவிட்டோம். அவன் கண்ணை மூடிக்கொண்டு அடித்துக்கொண்டே இருந்தான். மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளை சிரித்தான், பெண் தலையைக் குனிந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். என் வாய்க்கு நேரே மைக் இருந்ததால் என் சிரிப்புதான் எல்லோருடையதையும்விடப் பெரிதாகக் கேட்டிருக்கும். சூசை கண்ணைத் திறந்து, எல்லோரும் சந்தோஷமாக இருப்பதைப் பார்த்துத் தானும் சிரித்தான்.

அந்தக் கூட்டத்தில் மதராசிலிருந்து வந்த ஒருவர் இருந்தார். இசைத்தட்டு கம்பெனி ஒன்றில் வேலை. மறுநாள் ஆபீசுக்கே வந்து என்னைப் பார்த்தார். பாட்டு நன்றாக இருக்கிறது, மதராசுக்கு வாருங்கள், ஆனால் டிரம்மரை மாற்றிவிட்டு வாருங்கள் என்றார். அவர் மாற்றச் சொன்னதை நான் எட்வினிடம் சொன்னேன், பாண்டியிடம் சொன்னேன். பாண்டி மட்டும், "சூசைகிட்ட நேரா சொல்லிரு. அவன் தாங்கிக்கிடுவான்" என்றான். சொல்கிறேன் என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்து அவன் வெளியே வருகிற நேரம் பார்த்துப் போய் நின்றேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். இரண்டு பேரும் கடற்கரைக்கு நடந்தோம். கரையேற்றிய வள்ளம் ஒன்றின் நிழலில் உட்கார்ந்தோம். அவன் என்னுடைய வலது பக்கமாகச் சுற்றி வந்து உட்கார்ந்தான். நல்ல காது என் பக்கம் இருக்கட்டும் என்று.

"சூசை, பேண்டைக் கலைச்சிரலாம்னு இருக்கோம்" என்றேன். எட்வினுக்குப் பரீட்சை வேலை, எனக்கு ஆபீசில் நெருக்கடி, பாண்டி கடையைப் பெரிதாக்கப் போகிறான் என்று வரிசையாக அடுக்கினேன். பொய்யை ஒன்றோடு நிறுத்த எனக்குத் தெரியவில்லை.

அவன் கொஞ்ச நேரம் மணலைக் கிளறிக்கொண்டிருந்தான். பிறகு நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

"உண்மையைச் சொல்லு மக்கா. என் காதுனாலயா?"

"சீச்சீ. அதெல்லாம் ஒண்ணும் இல்லலே."

"நிசமா?"

"உன் காதுக்கு என்னலே? நல்லாத்தான இருக்கு. இப்பம் நான் பேசுதது கேக்குதுல்லா?"

அவன் முகம் தெளிந்துவிட்டது. "அப்பாடா. நான் பயந்துட்டேன்ல" என்று என் முதுகில் ஒன்று வைத்தான். பக்கத்துக் கடையில் எனக்கு ஒரு கலர் வாங்கிக் கொடுத்தான். அதைக் குடித்தேன். அந்த இனிப்பும் நுரையும் தொண்டையில் இறங்கியது இன்றைக்கும் நினைவிருக்கிறது. கொட்டகைக்குப் போய்த் தன் முகமூடியை எடுத்துக்கொண்டான். டிரம்மைப் பத்திரமாகத் துடைத்துக் கோயிலில் திருப்பிக் கொடுத்தான்.

மூன்று வாரத்தில் நான் புதுக் குழு ஆரம்பித்தேன். அப்போது ஊருக்கு வெளியே புதுத் துறைமுகம் திறந்திருந்த நேரம். அதனால் 'தி நியூ ஹார்பர்' என்று பெயர். டிரம்முக்கு ரவி என்று மதராசுப் பையன் ஒருவனை வரவழைத்தேன். பளபளக்கும் டிரம் செட், கழுத்து வரை முடி. சூசை காதில் விழுந்துவிடக் கூடாதென்று ஒத்திகையை மாப்பிள்ளையூரணிப் பக்கம், கருப்பட்டி மூட்டை அடுக்குகிற ஒரு கிட்டங்கிக்கு மாற்றினோம். காது கேட்காதவனுக்குக் கேட்டுவிடும் என்று பயந்து ஊரைவிட்டுப் போய் வாசித்த ஒரே ராக் குழு நாங்களாகத்தான் இருக்கும். ரவிக்கு எல்லாம் வந்தது, 'இழு'வில் அந்த நாலாவது அடி மட்டும் வரவில்லை. அவன் முதுகில் என் கையால் தட்டிச் சொல்லிக் கொடுத்தேன். சூசையின் தாளத்தைச் சூசைக்குத் தெரியாமல் இன்னொருவனுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் முதல் நிகழ்ச்சி சில மாதம் கழித்து, துறைமுக ஊழியர் விழாவில், ஒரு மைதானத்தில். சாயங்காலம் ஐந்து மணி, வெயில் இன்னும் இறங்கவில்லை. 'இழு' தொடங்கும்போது மேடையின் இடது ஓரத்தில் சூசையைப் பார்த்தேன். ரொம்பக் கறுத்திருந்தான், கண் சிவந்திருந்தது. பக்கத்தில் பிலோமினா நின்றாள். சூசை மேடைப் பலகையில் உள்ளங்கையை வைத்திருந்தான். பலகை அதிர்வில் பாட்டைப் பிடித்துவிட்டான்போல, விரல்கள் தட்டின. அந்த இடம் வந்தது. ரவி அவசரப்பட்டு அடித்துவிட்டான். சூசையின் கை இன்னும் மேலே நின்றது.

முடிந்ததும் அவனே மேடைக்குப் பின்னால் வந்தான். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவன் கையை ஆட்டித் தடுத்தான். பேச்சு முன்பைவிடச் சத்தமாக இருந்தது. சுற்றிலும் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நல்லா இருந்துச்சு மக்கா. இந்தத் தம்பி மூச்சை முன்னாலயே விட்டுருதான், அவ்வளவுதான். ஏன்னு நான் கேக்கப் போறதில்ல. நீ சொன்னாலும் எனக்குக் கேக்காது."

அவன் ரவியின் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டான். பிலோமினா நின்றாள்.

"அண்ணன் திரும்பக் கடலுக்குப் போனாம்லா. நீங்கதான் காது நல்லாருக்குன்னு சொன்னியளாமே. நான் எவ்வளவோ சொல்லியும் கேக்கலை. 'அவன் பாட்டுக்காரன், அவனுக்குத் தெரியாதா காதைப் பத்தி' அப்டிங்கான். ரெண்டு காதும் போச்சு அண்ணாச்சி."

  ரவி ஒயரைச் சுற்றத் தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தான். போய் அதைச் சரிசெய்தேன்.

மதராசுக்குப் போனோம். 'இழு' இசைத்தட்டாக வந்தது. இசை என்ற இடத்தில் என் பெயர் மட்டும் இருந்தது. ஓட்டல்களில் வாசித்தோம், கல்லூரி விழாக்களில் வாசித்தோம். என்னிடம் கையெழுத்து கேட்டார்கள். மூன்று வருடத்தில் ஜனங்களுக்கு வேறு சத்தம் பிடித்துப்போயிற்று. ரவி சினிமா வாத்தியக் குழுவுக்குப் போனான், எட்வின் பள்ளிக்கூடத்துக்கே திரும்பினான், பாண்டி அதற்கு முன்பே ஊருக்குப் போய்விட்டிருந்தான். நானும் ஊருக்குத் திரும்பி, பழைய முதலாளியின் காலில் விழாத குறையாக அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். உங்களைப் போன்றவர்கள் என் இசை வாழ்க்கை என்று மரியாதையாகச் சொல்கிறீர்களே, அது மொத்தமும் இவ்வளவுதான்.

திரும்பி வந்தும் சூசையைத் தேடிப் போகவில்லை. நாளைக்குப் போகலாம் என்று எட்டு மாதம் தள்ளினேன். அப்போது ஒரு நாள் முற்பகல், துறையில் நின்ற ஒரு சரக்குக் கப்பலில் காகித வேலையாக ஏறினேன். இரும்புத் தளத்தில் கால் வைத்ததும் உள்ளங்காலில் ஓர் அதிர்வு. கீழே கப்பலின் இரும்புத் தொட்டிக்குள் ஆட்கள் சுத்தியலால் துரு தட்டிக்கொண்டிருந்தார்கள். ஏழெட்டுப் பேர் தட்டுகிற சத்தம், ஆனால் ஒரே தாளம். நாலாவது அடி விழவில்லை. நான் நின்றுவிட்டேன். பிறகு விழுந்தது.

ஏணியில் இறங்கினேன். துருப் புழுதிக்குள் வரிசையாக ஆட்கள், முதல் ஆள் சூசை. அந்தத் தொட்டிக்குள் மற்றவர்கள் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டும் அரை மணிக்கு ஒரு தடவை மேலே ஓடுவார்கள். அவனுக்கு அது தேவையில்லை. அதனாலேயே மேஸ்திரி அவனை எப்போதும் முன்னால் நிறுத்துவாராம். என்னைப் பார்த்ததும் சிரித்தான். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு மேலே வரச் சொல்லிச் சைகை காட்டினான்.

அப்போதுதான் சொன்னேன். மேலே வரும்வரை காத்திருக்கவில்லை. அந்த இரைச்சலுக்குள், யாருக்கும் எதுவும் கேட்காத இடத்தில், "உன் காதுனாலதாம்லே. நான்தான் பொய் சொன்னேன்" என்று கத்தினேன். தைரியம் வருவதற்கு நான் தேர்ந்தெடுத்த இடத்தைப் பாருங்கள்.

மேல்தளத்தில் டீ வந்தது. அவன் கண்ணாடித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடி சொன்னான்.

"நீ கீழ சொன்னதை வாயைப் பாத்துப் புரிஞ்சிக்கிட்டேன். இப்பம் அது நல்லா வருது. அன்னைக்கு நீ காதுதான்னு சொல்லியிருந்தா, ரெண்டு நாளு அழுதிருப்பேன். உன்னை ஏசியிருப்பேன். ஆனா காதைப் பாத்துக்கிட்டிருப்பேம்ல. நீ நல்லாருக்குன்னுட்ட. அதை நம்பித்தான் இறங்குனேன்."

கோபமில்லாமல் சொன்னான். கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். டீயைக் குடித்து முடித்து, என் தம்ளரையும் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வேலைக்கு இறங்கினான். மன்னித்தான் என்று சொன்னால் நீங்கள் திருப்திப்படுவீர்கள். அவன் அப்படி எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் துறைமுகத்தில் எதிர்ப்பட்டால் கையைத் தூக்குவான். நானும் தூக்குவேன். பிறகு எனக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. அவன் இறந்த செய்தி எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் கிடைத்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்காகத் தூத்துக்குடிக்குப் போனேன். எங்கள் தகரக் கொட்டகை இருந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. பாண்டியின் கடை செல்போன் கடையாகிவிட்டது, நடத்துகிறவருக்குப் பாண்டி யாரென்று தெரியவில்லை. கப்பலில் துருவை இப்போது மிஷின் மணலைப் பீய்ச்சி எடுத்துவிடுகிறதாம், சுத்தியல் பிடிக்கிற வரிசை இல்லை. சங்கு குளிக்கிறவர்கள் குழாய் வழியாக மூச்சு விடுகிறார்கள், மேலே கயிறு பிடித்து நிற்க ஆள் வேண்டியதில்லை. எங்கள் இசைத்தட்டை நானே ஒரு வீடு மாறும்போது தொலைத்துவிட்டேன். வேறு யாரிடமும் இருப்பதாகத் தெரியவில்லை.

சூசையின் தெருவுக்குப் போனேன். வீடுகள் எல்லாம் மாடி ஆகிவிட்டதால் அடையாளம் பிடிபடவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் சூசை வீடு எது என்று கேட்டேன்.

"எந்தச் சூசை? செவிட்டுச் சூசையா? அவன் போய் ரொம்ப நாளாச்சே. தங்கச்சி வீட்டை வித்துட்டுப் போயிட்டா. நீங்க அவனுக்கு என்ன வேணும்?"

அவன் டிரம்மர் என்று சொல்லியிருக்கலாம். இந்தக் கடற்கரையிலேயே அப்படி அடிக்க இன்னொருவன் கிடையாது என்று சொல்லியிருக்கலாம். செவிட்டுச் சூசை என்ற பெயர் அவனுக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லியிருக்கலாம்.

"ஆமா, அந்தச் சூசைதான். தெரிஞ்சவரு" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன்.